ஒரு சோடி வெள்ளை மேஸ்

இருபத்திரண்டு நாள் பூட்டிக் கிடந்த வீடு.
திறந்து, பையை வாசலில் வைத்து,
மூன்றாவது எட்டு வைக்கையில்
கணுக்காலில் சுருக்கென்றது.
குனிந்தேன்.
எள்ளின் உமி போல ஒன்று
நின்றது. பிறகு நிற்கவில்லை.

தெள்ளு.

மதிலில் கிளாக்கர் இருந்தது.
உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் வெள்ளைக் கொலர்,
ஒரு கோப்பும் பார்க்காத முகம்,
அதனால் அபிசனா வைத்த பெயர்.
பின்னங்காலால் காதடியைச் சொறிந்தபடி
என்னைப் பார்த்தது,
லீவு கூட எடுத்தவளைக்
கந்தோரில் பார்க்கிறமாதிரி.

வேலிக்கு மேலால் குணநாயகி கேட்டா:
'நாய்க்குப் போடுற பவுடர் கிடக்கு, தரட்டே?'
வேண்டாமென்று சைக்கிளை எடுத்தேன்.
ஒட்டுசுட்டான் மிருக வைத்தியக் கந்தோரில்
மாட்டுக்காரர் நடுவே
பூனைக்காக நின்றவள் நான் மட்டும்.
டொக்டர் சிரிக்கவில்லை.
'அந்தப் பவுடரை நக்கினால் பூனை செத்துப்போம்.
கழுத்துக்குப் பின்னால், நாக்கு எட்டாத இடத்தில,
இந்த மருந்தை ஒரு துளி விடுங்கோ.
ஆனால் பூனையில இருக்கிறது கொஞ்சம்தான்.
மிச்சமெல்லாம் நிலத்தில.
முட்டை, புழு, கூடு.
கூட்டுக்குள்ள இருக்கிறது மாதக்கணக்காய்ப் பொறுத்திருக்கும்.
காலடி அதிர்ந்தால் வெளியில வரும்.'

நான் பேசாமல் நின்றேன்.
மாங்குளக் காட்டில் முழந்தாளில் இருந்து
சிவப்புத் தலைத் தடிகளுக்கு நடுவே
மண்ணைச் சாண் சாணாய்க் கேட்கிறவள்
என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பாய், தலையணை, திரைச்சீலை
எல்லாம் கொதிதண்ணீரில்.
மூலை முடுக்கெல்லாம் கூட்டி
கூட்டியதைக் கொளுத்தி,
கட்டிலைத் தூக்கி முற்றத்து வெயிலில்.
பிறகு மடியில் கிளாக்கர்.
பக்கத்தில் சவர்க்காரத் தண்ணி, பேன்சீப்பு.
காதடியில் தொடங்கி ஒரு விரலகலம்,
அது முடிய அடுத்த விரலகலம்.
பார்க்காத இடத்தில் முழங்கை ஊன்றக் கூடாது.
பழக்கம்.

சீப்பில் வந்த கரித்தூளை
ஈரத்துணியில் தட்டினேன்.
சிவப்பாய்ப் பரவியது.
'ஆற்றை ரத்தம் அம்மா?'
'கிளாக்கற்றை.'
அபிசனா அதன் முதுகை
மெல்லமாய்த் தடவினாள், உள்ளங்கையால் அல்ல,
ஒரு விரலின் பின்புறத்தால்.

டொக்டர் சொன்ன கடைசி வேலைதான் அவளுக்குப் பிடித்தது.
வெள்ளை மேஸ் போட்டு வீடெல்லாம் நடக்கவேண்டும்,
ஏறுகிறதை எண்ணவேண்டும்.
அவளுடைய பள்ளிக்கூட மேஸ்
என் காலில் பாதிக்கு மேல் ஏறவில்லை.
கொப்பியில் எழுதினாள்:
முதல் நாள் நாற்பத்தொன்று.
அடுத்த நாள் பத்தொன்பது.
மூன்றாம் நாள் மழை, எண்ணவில்லை.
நாலாம் நாள் இருபத்தாறு.
பென்சிலை எறிந்துவிட்டு அழுதாள்.
'கூடு விரியுது, வரத்தானே வேணும்' என்றேன்.
நம்பவில்லை.
ஐந்தாம் நாள் நாலு.
ஆறாம் நாள், மேஸ் வெள்ளை.

வேலைத்தலத்தில் இந்த இடத்தில்
மேற்பார்வையாளர் வந்து கையெழுத்து வைப்பார்.
நாளைக்கு விடிய எனக்குப் பஸ்.

அப்போதுதான் பார்த்தேன்:
கிளாக்கர் மதிலால் இறங்கி
மேற்கு வீட்டு யன்னலுக்குள் நுழைந்தது,
தன்னுடைய வீட்டுக்குப் போகிறமாதிரி.
நகுலேந்திரத்தாரின் வீடு.
பிரான்சிலிருந்து காசு வந்து கட்டியது,
மாபிள் பதித்தது,
பால் காய்ச்சின அன்று வந்துபோனவர்கள்,
பிறகு இல்லை.
நான் இல்லாத இருபத்திரண்டு நாளும்
அது அங்கேதான் படுத்திருக்கிறது.

திறப்பு குணநாயகியிடம் இருந்தது.
மேஸை இழுத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன்.
காற்று கொண்டுவந்த மணல்,
பொலித்தீன் கழற்றாத கதிரைகள்,
சுவரில் நின்றுபோன மணிக்கூடு.
ஒரு எட்டு.
இரண்டு.

வந்தன.
எல்லா மூலையிலிருந்தும்,
மழை தொடங்குகிற சத்தம்கூட இல்லாமல்,
இத்தனை நாளாய் ஆளுக்கு இருந்தவை,
முழங்கால்வரை கறுப்பாய்.

வாசலில் கொப்பியோடு நின்றவள்
'எத்தனை?' என்று கத்தினாள்.

'எண்ணாதை' என்றேன்.
'வாளியைக் கொண்டா.'